பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், வகுப்பறையைப் பாருங்கள்

(அறக்கட்டளை அலுவலகத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

முன்பெல்லாம் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் உதவி கேட்டுத்தான் நம்மிடம் விண்ணப்பம் வரும். இப்போது மூன்று வயதுப் பிள்ளைக்கும் வருகிறது. "மாண்டிசோரி பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணத்துக்கு உதவுங்கள்" என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கூட்டம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். டீக்கடையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர், மனைவியின் நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டிவிட்டு, இரண்டாம் தவணைக்கு எங்களிடம் வந்தார். பள்ளியின் பெயரிலேயே மாண்டிசோரி என்று இருந்தது. போய்ப் பார்க்காமலே காசோலை கொடுத்தோம். பிறகு ஒரு நாள் போனால், பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து 'அ'னாவைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். மாண்டிசோரி சாமான்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அது நீங்கள் எங்களை நம்பிக் கொடுத்த அமானிதப் பணம். அந்த வருத்தத்தோடுதான் பேசுகிறோம்.

நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"அது பணக்காரங்க பிள்ளைக படிக்கிற படிப்புதானுங்களே?"

தொடக்கம் அப்படியல்ல. மரியா மாண்டிசோரி இத்தாலி நாட்டு டாக்டர் அம்மா. 1907-ல் ரோம் நகரில் கூலித் தொழிலாளர்கள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில்தான் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். வேலைக்குப் போகும் தாய் தகப்பனுடைய பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். 1939-ல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டு இத்தாலி எதிரி நாடானதால், 1940-ல் ஆங்கிலேய அரசு அவருடைய மகனைக் காவலில் வைத்தது. அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளில்தான் மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலிலும் தங்கி, பிள்ளைகளோடு வேலை செய்தார். ஏழைப் பிள்ளைகளிடம் தொடங்கி, நம் தமிழ் மண்ணிலும் வளர்ந்த முறை இது. இன்று கட்டணம் ஏறிப்போனது வேறு கதை.

"சும்மா வெளையாட விடறாங்களாமே, எப்பங்க எழுதும்?"

விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒரு சொம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, இதெல்லாம் விரலுக்குப் பயிற்சி. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவி, ஒலியைச் சொல்லும். பென்சில் பிடிக்கும் முன்பே கைக்கு எழுத்து பழகிவிடும். கணக்கும் அப்படித்தான். மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கட்டி. ஆயிரம் என்றால் எவ்வளவு கனம் என்று கையில் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அதற்கு முன்பே பிள்ளை அத்தா பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்தே ருகூவும் ஸுஜூதும் செய்கிறதில்லையா? அந்த வயதின் படிப்பு அப்படித்தான்.

"மூணு வயசும் ஆறு வயசும் ஒரே வகுப்பிலயா?"

நம் மக்தபை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை அலிஃப், பா சொல்லும். பக்கத்துப் பிள்ளை அம்ம ஜுஸ்உ ஓதும். உஸ்தாத் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பாடம் கேட்பார். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும். அவரவர் வேகத்துக்கு அவரவர் பாடம். இங்கேயும் அதே வழிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, இங்கே பிரம்பு கிடையாது. அதை நம் மக்தபுகளும் கற்றுக்கொள்ளலாம்.

மூன்று வருடமும் சேர்ந்தது ஒரே படிப்பு. மூன்றாம் வருடத்தில்தான் பிள்ளை பெரியவனாக நின்று, சின்னவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும். ஒரு வருடம் சேர்த்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் சேர்க்காமலே இருக்கலாம்.

"அப்புறம் சாதாரணப் பள்ளிக்கூடத்துல சேர்த்தா தடுமாறுமா?"

கொஞ்ச நாள் தடுமாறலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும், மணி அடிக்கும் வரை ஒரே இடத்தில் உட்காருவதும் புதிதாக இருக்கும். பொறுமையாக இருங்கள், பழகிக்கொள்ளும்.

"மார்க்கத்துக்கு ஏதாவது இடைஞ்சல் வருமா?"

இது எந்த மதத்துக்கும் சொந்தமான முறை அல்ல. பிரார்த்தனை, விழா, சாப்பாடு பற்றிச் சேர்க்கும்போதே நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலை மக்தபை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"எது நல்ல பள்ளின்னு எப்படிங்க தெரியும்?"

இதுதான் முக்கியமான கேள்வி. மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனி உரிமையாளர் இல்லை. யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதனால் அரை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். சாமான்கள் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், திறந்த அலமாரியில் இருக்கின்றனவா? அவற்றைப் பிள்ளையே எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்கிறதா? வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்களா? ஆசிரியைக்கு மாண்டிசோரி பயிற்சிச் சான்று உண்டா? பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா? முழுக் கட்டணத்துக்கும் ரசீது தருவார்களா? பார்க்கவே விடமாட்டோம் என்றால், சலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

"கட்டணத்துக்கு வழி இல்லீங்களே?"

வட்டிக்கு வாங்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மைப் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழை, பின்தங்கிய குடும்பங்களுக்கு உண்டு. விண்ணப்பத்தை நம் அலுவலகத்தில் பூர்த்தி செய்து தருகிறோம். 2019-ல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. பக்கத்து அங்கன்வாடியை ஒரு முறை போய்ப் பாருங்கள், கேவலமாக நினைக்காதீர்கள்.

வீட்டிலும் செய்யலாம். பச்சைப்பயறையும் மொச்சையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். முஸல்லாவை மடிக்கச் சொல்லுங்கள். செருப்பை ஜோடியாக வைக்கட்டும், ஒளுவைத் தானே செய்யட்டும். நேரம் ஆகும், தண்ணீர் சிந்தும், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

இனி அறக்கட்டளையின் முடிவு ஒன்று. மழலையர் வகுப்புக்கு உதவி கேட்டால், எங்களில் ஒருவரும் பிள்ளையின் தாயாரும் சேர்ந்து போய் வகுப்பைப் பார்த்த பிறகே பணம் தருவோம். கடுமை என்று எண்ண வேண்டாம். நாங்கள் ஏமாந்தது போல நீங்கள் ஏமாறக் கூடாது.

நம் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.