முதலெழுத்தின் விரிவு என்ன?

(மதுரையில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். டி.எம்.சௌந்தரராஜன் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் இந்த அறையில் யாரும் இருக்கமாட்டீர்கள். 1922இல் நம் மதுரையில் பிறந்தவர். அவர் பெயரில் இருக்கும் 'டி' எதன் முதலெழுத்து?

ஊர்ப் பெயராக இருக்கும் என்று இரண்டு பேர் சொல்கிறீர்கள். தாத்தா பெயர் என்கிறார் ஒருவர். 'எம்' அவருடைய தந்தை மீனாட்சி ஐயங்காரைக் குறிக்கும். 'டி' என்பது தொகுளுவ. அது ஊர்ப் பெயரும் அல்ல, ஆள் பெயரும் அல்ல. அவர் குடும்பத்தின் வீட்டுப் பெயர்.

மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வீட்டுப் பெயர் உண்டு. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்தோம் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. பட்டுநூல்காரர் என்று ஊர் அவர்களை அழைத்தது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் தறியும் சாயப் பானையுமாக வாழ்ந்தார்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, அவர்கள் கைவிரல்கள் முடிச்சுப் போட்டு வளர்த்த சேலைதான். வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. வெளியே பேசுவது நம் மதுரைத் தமிழ்.

இந்தக் குடும்பங்கள் மதுரையோடு நிற்கவில்லை. பரமக்குடி, எமனேஸ்வரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம் என்று தறி போன இடமெல்லாம் போனார்கள். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையைத்தான் எம்.வி.வெங்கட்ராம் 'வேள்வித் தீ' நாவலில் எழுதினார். இத்தனை ஊர்களில் சிதறியவர்கள், ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால் வீட்டுப் பெயரைக் கேட்பார்கள். ஒரே பெயர் என்றால், 'நாம் பங்காளியா?' என்பது அடுத்த கேள்வி.

இதே கேள்வியை இங்கிலாந்தில் ஒருவர் கேட்டார். யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்பீல்டு என்று ஒரு ஊர். நம் மதுரைக்குப் பஞ்சும் பட்டும் என்றால் அந்த ஊருக்குக் கம்பளி நூல். ஆலைகள் நிறைந்த ஊர். அந்த வட்டாரத்தில் 'சைக்ஸ்' என்ற குடும்பப் பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. சிற்றோடை என்று பொருள்படும் அந்தப் பகுதிச் சொல்லிலிருந்து வந்தது. ஓடைகள் பல, ஆகவே பல குடும்பங்கள் தனித்தனியாக அந்தப் பெயரை எடுத்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்போர்டு மரபியல் அறிஞர் தம்முடைய சொந்தப் பெயரையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை, அந்தப் பெயர் கொண்ட ஆண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார். 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகை இருந்தது. அவர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று அதிலிருந்து அவர் முடிவுக்கு வந்தார்.

எனக்கு மற்றப் பாதிதான் முக்கியம். பெயர் ஒன்றாக இருந்தும் குருதிவழி ஒன்றாக இல்லாதவர்கள் அவர்கள். ஒரு பெயருக்குள் பிள்ளை பல வழிகளில் வந்து சேரலாம். தத்து வந்திருக்கலாம். தாயின் குடும்பப் பெயரைச் சூடியிருக்கலாம். ஆனாலும் அவர்களும் சைக்ஸ்தான். பெயர் என்பது ரத்தக் கணக்கு மட்டும் அல்ல. சேர்ந்து வாழ்ந்த கணக்கு.

இங்கிலாந்தில் இப்படித் தேடுவதற்கு வழி இருக்கிறது. 1538 முதல் தேவாலயப் பதிவேடுகள், 1837 முதல் அரசின் பிறப்பு இறப்புப் பதிவு, 1841 முதல் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் அடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நூறு ஆண்டுகள் கடந்ததும் அந்தக் கணக்கெடுப்பைப் பொதுமக்கள் பார்க்கலாம். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணக்கெடுப்பில் தனி மனிதர் தரும் விவரங்கள் இரகசியமானவை. நம்மில் பலர் கணக்கெடுப்புப் பணிக்குப் போனவர்கள், உங்களுக்கே தெரியும். பிறப்புப் பதிவேட்டிலோ பழைய காலத்தில் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்பதோடு நின்றுவிடும். குழந்தைக்கு அப்போது பெயரே வைத்திருக்கமாட்டார்கள்.

அப்படியானால் ஒரு நெசவாளியின் பெயரும், அவர் அப்பா பெயரும், தெருவும், தொழிலும், பிறந்த தேதியும் ஒரே வரியில் எழுதப்பட்ட ஏடு எங்கே இருக்கிறது? நம் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. சேர்க்கைப் பதிவேடு.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜூன் மாதச் சேர்க்கை. ஒரு பாட்டி பேத்தியை அழைத்து வந்தார். பிள்ளையின் அப்பா இறந்துவிட்டார். அம்மா வேறு சமூகம். திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். நான் பிள்ளையின் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். பாட்டி, "வீட்டுப் பேரையும் சேர்த்து எழுதுங்கய்யா" என்று ஒரு பெயரைச் சொன்னார். "அதெல்லாம் வேண்டாம் பாட்டி, அப்பா இனிஷியல் ஒண்ணு போதும். சர்டிபிகேட்டுல குழப்பம் வரும்" என்றேன். வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள். பாட்டி ஒன்றும் பேசவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

போன ஆண்டு அந்தப் பேத்தி என்னைத் தேடி வந்தார். இப்போது அவருக்கு ஒரு பையன். பாட்டி காலமாகிவிட்டார். பரமக்குடிப் பக்கம் தாத்தாவின் அண்ணன் வழியில் குடும்பம் இருப்பதாகப் பாட்டி சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது. கையில் இருந்தது தாத்தாவின் பழைய பாஸ்புத்தகம் ஒன்றுதான். அதில் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து. இரண்டாவது எழுத்து கொள்ளுத்தாத்தா பெயர் என்று தெரிகிறது. "முதல் எழுத்துக்கு என்ன விரிவுன்னு தெரியல சார். நான் சேர்ந்தப்ப பாட்டி உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களோன்னு வந்தேன்" என்றார்.

சொன்னார்கள். நான்தான் எழுதவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்தப் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

தாத்தாவும் அதே பள்ளியில்தான் படித்தவர் என்று பேச்சில் தெரிந்தது. தலைமையாசிரியர் அனுமதியோடு ஐம்பதுகளின் பதிவேட்டை எடுத்தோம். ஓரம் பொடிந்து, அட்டை கழன்று கிடந்தது. ஒரு மணி நேரம் தேடினோம். அந்த வரி கிடைத்தது. மைக்கூட்டில் தொட்டு எழுதிய எழுத்து. வீட்டுப் பெயர், தந்தை பெயர், பிள்ளை பெயர், மூன்றும் முழுமையாக. அன்று வரிசையில் எத்தனை பேர் நின்றார்களோ, அந்த ஆசிரியர் பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. எழுபது ஆண்டுக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு அவர் உதவினார். நான் எழுதிய வரி உதவவில்லை.

அந்த வீட்டுப் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அது அந்தக் குடும்பத்தின் உடைமை.

இதை ஏன் இப்போது பேசுகிறேன்? 2021 டிசம்பரில் வந்த அரசாணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெயரைப் போலவே முதலெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 'எஸ்' என்று எழுதும்போது அது சரவணனா, சுப்பையாவா, செல்வியா என்று நாம் கேட்பதில்லை. தமிழில் எழுத வேண்டுமானால் கேட்டே ஆக வேண்டும். ச, சு, செ மூன்றும் வேறு வேறு எழுத்துகள். 'டி' என்பதைத் தமிழில் எழுத, அது தங்கராசுவா, திருமலையா, தொகுளுவவா என்று தெரிய வேண்டும். ஆக, 'முதலெழுத்தின் விரிவு என்ன?' என்ற கேள்வியை ஆணையே நம் வாயில் வைத்திருக்கிறது. கேட்ட பதிலை ஓரெழுத்தாகச் சுருக்கிவிடாமல், பதிவேட்டில் முழுப் பெயராக எழுதினால் போதும்.

வகுப்பறையில் இதை ஒரு செயல்பாடாகவும் செய்யலாம். ஏழாம், எட்டாம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். வீட்டில் மூத்தவரிடம் நான்கு கேள்விகள். நம் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து யாருடையது அல்லது எதனுடையது? நம் குடும்பத்துக்குத் தெருவில் வழங்கும் பெயர் என்ன? இந்த ஊருக்கு நாம் எங்கிருந்து, என்ன வேலைக்கு வந்தோம்? நம் உறவினர் வேறு எந்த ஊர்களில் இருக்கிறார்கள்? பதில்களை மதுரை வரைபடத்தில் நூல் கட்டிக் காட்டினால், ஒரு வகுப்பிலிருந்தே எத்தனை ஊர்களுக்குக் கோடு போகிறது என்று பாருங்கள்.

வீட்டுப் பெயர் இல்லாத ஊர்களில் என்ன செய்வது என்று உசிலம்பட்டிப் பக்க நண்பர்கள் கேட்கலாம். உங்கள் பக்கம் 'வகையறா' இருக்கிறதே! மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடும் பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு இருக்கும். யார் யார் தலைக்கட்டு, எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வரலாற்று ஆசிரியருக்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டுமா? கரிசல் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களில் 'இண்டிபேரு' உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயரைக் கேட்பது எளிதில் சாதியைக் கேட்பதாக மாறிவிடும். வகுப்பில் யாரும் யாரையும் 'நீ எந்த ஆளு' என்று கேட்கும் நிலை வந்தால், அந்த நிமிடமே செயல்பாட்டை நிறுத்திவிடுங்கள். அம்மா மட்டும் வளர்க்கும் பிள்ளை, காப்பகத்துப் பிள்ளை, பிழைப்புக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளை எல்லோரும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். யாரையும் எழுந்து நின்று சொல்லச் சொல்லாதீர்கள். அவர்கள் அம்மாவின் பெயரையோ, வளர்த்தவர் பெயரையோ விரிவாகத் தரட்டும். ஹடர்ஸ்பீல்டின் அந்த மற்றப் பாதியை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு பெயரில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயருக்கு உரியவர்களே.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பள்ளிக்குத் திரும்பியதும் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கரையான் படாத உயரத்தில் வையுங்கள். கழன்ற தாள்களை வரிசைப்படுத்திக் கட்டி வையுங்கள். அடுத்த ஜூனில் ஒரு பாட்டி வந்து, "இதையும் சேர்த்து எழுதுங்கய்யா" என்றால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் எழுதிவிடுங்கள்.