திண்டுக்கல்: ரெட்டை இலைக்கு முன்னாடி ஜெயிச்ச இரண்டு பெண்கள்

தொகுதிகளோட தேர்தல் கதையைப் பேசற வரிசையில இன்னைக்கு திண்டுக்கல். பூட்டு, பிரியாணி எல்லாம் எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் அரசியல் படிக்கறவங்களுக்கு இன்னொன்னும் தெரியும்: ரெட்டை இலை பிறந்த ஊர். அந்தக் கதையை முதல்ல பார்த்துடுவோம். ஏன்னா அது ரொம்பப் பெரிய கதை. அது பெரிசா இருக்கறதாலேயே அதுக்கு முன்னாடி நடந்த ஒரு விஷயம் நம்ம கண்ணுல படறதில்லை.

1972 அக்டோபர். திமுகவுல இருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். அதிமுகவை ஆரம்பிக்கிறார். திண்டுக்கல் திமுக எம்.பி. ராஜாங்கம் இறந்ததால அங்க இடைத்தேர்தல் வருது. 1973 மே மாசம் வாக்குப்பதிவு. கட்சிக்கு வயசு ஏழு மாசம். வேட்பாளர் மாயத்தேவர், ஒரு வக்கீல். புதுக் கட்சிக்குன்னு தனியா சின்னம் கிடையாது. சுயேச்சைகளுக்குன்னு வச்சிருந்த சின்னங்கள்ல இருந்து அவங்க எடுத்ததுதான் ரெட்டை இலை. சுவத்துல வரைய ரொம்ப சுலபம். ரெண்டு விரலைக் காட்டினாலே சின்னம் வந்துடும்.

முடிவு வந்தப்போ மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சிருந்தார். ரெண்டாவது இடம் காமராஜரோட ஸ்தாபன காங்கிரஸ், வேட்பாளர் என்.எஸ்.வி. சித்தன். மாநிலத்தை ஆண்டுக்கிட்டிருந்த திமுக மூணாவது இடம். நாலே வருஷத்துல, 1977-ல, எம்.ஜி.ஆர். முதலமைச்சர்.

இந்தத் தேர்தல்ல இருந்து கட்சிகள் கத்துக்கிட்டது என்ன? வேட்பாளரை விட சின்னம் பெரிசு. தலைவர் முகமும் சின்னமும் இருந்தா போதும், யாரை நிறுத்தினாலும் ஓட்டு வரும்.

அதுக்கு அடுத்த சாட்சியும் அதே மாயத்தேவர்தான். 1977-ல மறுபடி அதிமுகவுல ஜெயிச்சார். அப்புறம் திமுகவுக்குப் போனார். 1980-ல உதயசூரியன்ல நின்னு அதே திண்டுக்கல்ல ஜெயிச்சார். ரெட்டை இலைக்கு முதல் வெற்றியைக் கொடுத்த ஆள், ஏழு வருஷத்துல எதிர்ச் சின்னத்துல எம்.பி. அவரோட சொந்தச் செல்வாக்குன்னு சொல்லலாம். ஆனா அந்த வருஷம் திமுக, இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டுல 39 தொகுதியில 37-ஐ அள்ளுச்சு. அதுல திண்டுக்கல்லும் ஒண்ணு. சில மாசத்துல வந்த சட்டமன்றத் தேர்தல்ல எம்.ஜி.ஆர். திரும்ப ஆட்சிக்கு வந்துட்டார். அப்போ திண்டுக்கல் யாரோட கோட்டை? கூட்டணி மாறினா தொகுதியும் மாறுது. டிவியில ஒருத்தர் "கோட்டை"ன்னு சொன்னா கொஞ்சம் சந்தேகமா கேளுங்க.

சித்தன் கதையும் சுவாரஸ்யம். 1973-ல தோத்தவர், 23 வருஷம் கழிச்சு 1996-ல த.மா.கா. சார்பா எம்.பி. ஆனார். 2004-லயும் 2009-லயும் காங்கிரஸ்ல ஜெயிச்சார். நடுவுல 1989, 1991, 1998, 1999-ன்னு நாலு தடவை அதிமுகவோட திண்டுக்கல் சீனிவாசன்.

இப்போ பின்னாடி போவோம். 1952, சுதந்திர இந்தியாவோட முதல் பொதுத்தேர்தல். திண்டுக்கல்லோட முதல் எம்.பி. அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபையில இருந்த சில பெண்கள்ல ஒருத்தர். நேதாஜி படையோட கேப்டன் லட்சுமியின் அம்மா. அடுத்து 1957-ல குலாம் மொகிதீன். 1962-ல மறுபடியும் ஒரு பெண்: டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். டி.வி.எஸ். குடும்பத்துப் பொண்ணு. சின்ன வயசுலயே விதவையானவர், அதுக்கப்புறம் மருத்துவம் படிச்சார், மறுமணம் செஞ்சுக்கிட்டார். கணவரோட சேர்ந்து சின்னாளபட்டி பக்கத்துல காந்திகிராமத்தை உருவாக்கினார். எம்.பி. ஆனதும் மத்திய அரசுல கல்வித் துறை துணை அமைச்சர்.

ஆக, முதல் மூணு தேர்தல்ல ரெண்டு தடவை திண்டுக்கல் பெண்களை அனுப்பியிருக்கு. 1962-க்கு அப்புறம் 2024 வரைக்கும், அந்த இடைத்தேர்தலையும் சேர்த்து, 16 தேர்தல். ஒண்ணுல கூட ஒரு பெண் ஜெயிக்கலை.

பட்டியலைப் பார்த்தப்போ நான் திரும்ப எண்ணினேன். 16 தான்.

ஒரு எச்சரிக்கை. தொகுதியோட எல்லை அப்படியே இருக்கலை. 2008 மறுவரையறைக்கு முன்னாடி உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் எல்லாம் இதுக்குள்ள இருந்துச்சு. அதெல்லாம் போய், பழனியும் ஒட்டன்சத்திரமும் உள்ள வந்துச்சு. பழனின்னு தனியா இருந்த நாடாளுமன்றத் தொகுதியே காணாமப் போச்சு. வேடசந்தூர் திண்டுக்கல் மாவட்டத்துலதான் இருக்கு, ஆனா அங்க இருக்கறவங்க கரூர் எம்.பி.க்கு ஓட்டு போடறாங்க. அதனால 1962-ல ஓட்டு போட்ட ஊர்களும் 2024-ல ஓட்டு போட்ட ஊர்களும் ஒண்ணு இல்லை. "மக்கள் மாறிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுட முடியாது.

மாறினது என்னன்னா, சீட்டு கொடுக்கற முறை. கடைசி ரெண்டு தேர்தலை மட்டும் எடுங்க. 2019-ல அதிமுக இங்க நிக்கவே இல்லை, தொகுதியை பாமகவுக்குக் கொடுத்துடுச்சு. ரெட்டை இலை பிறந்த தொகுதியில, நாடாளுமன்றத்துக்கான மெஷின்ல மாம்பழம். திமுகவோட வேலுசாமி 5,38,972 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அந்தத் தேர்தல்ல தமிழ்நாட்டுலயே பெரிய வித்தியாசம் அதுதான். 2024-ல திமுகவும் கொடுத்துடுச்சு, சி.பி.எம்.முக்கு. அதிமுக எஸ்.டி.பி.ஐ.க்குக் கொடுத்தது. சி.பி.எம். சச்சிதானந்தம் 4,43,821 வித்தியாசத்துல ஜெயிச்சார். பாமக ஒரு பெண்ணை நிறுத்துச்சு, ம. திலகபாமா. மூணாவது இடம்.

இவ்வளவு பெரிய வித்தியாசம்னா என்ன அர்த்தம்? ஓட்டுப் போடற நாளைக்கு முன்னாடியே, கூட்டணிப் பேச்சுவார்த்தை மேஜையில பாதி முடிவாகிடுது. அந்த மேஜையில ஒரு தொகுதிங்கறது பேரம் பேசற பொருள். எந்தக் கட்சிக்குங்கறது முதல் கேள்வி. யாருங்கறது அதுக்கப்புறம்தான். "ஜெயிக்கிற வேட்பாளர் வேணும்"னு சொல்லி பெண்களுக்கு சீட்டு மறுக்கிறாங்களே, அந்த வாதம் இந்த மாதிரி தொகுதியில நிக்கவே நிக்காது. அஞ்சு லட்சம் வித்தியாசத்துல ஜெயிக்கப் போற கூட்டணி ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தா அந்த சீட்டு கைவிட்டுப் போயிருக்குமா? சின்னம்தான் ஜெயிக்குதுன்னு 1973-ல இருந்து நம்பற கட்சிகள், சீட்டு கொடுக்கும்போது மட்டும் "வேட்பாளர் முக்கியம்"னு சொல்றாங்க.

2023-ல பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு இடஒதுக்கீடு சட்டம் நிறைவேறுச்சு. ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிஞ்ச பிறகுதான் அமலுக்கு வரும்னு அதுலயே நிபந்தனை போட்டாங்க. கட்சிகள் நினைச்சா அதுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1952-லயும் 1962-லயும் எந்த ஒதுக்கீடும் இல்லாமதான் இந்த ஊர் ஓட்டு போட்டுச்சு.

முதல் தடவை ஓட்டு போடப் போற நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்க தொகுதியில 1952-ல இருந்து யார் யார் எம்.பி.ன்னு தேடிப் பாருங்க. தேர்தல் ஆணையத்தோட தளத்துலயே புள்ளிவிவர அறிக்கைகள் இருக்கு, ஒரு அரை மணி நேரம் போதும். அடுத்த தேர்தலுக்கு கட்சிகள் வேட்பாளர் பட்டியல் வெளியிடற அன்னைக்கு, உங்க பட்டியலையும் பக்கத்துல வச்சுப் படிங்க. எத்தனை பெண்கள் இருந்தாங்கன்னு எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.