தனித்தனியே சரி, சேர்ந்தால் பிழை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துபவன். இணையச் சேவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். பரவாயில்லை. மாணவர் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டு நள்ளிரவு வரை விழித்திருந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. அது போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்திக்கு உதவித்தொகை வரவில்லை. அவள் பிறந்தது மே 7. நாங்கள் பதிந்த இடத்தில் 07-05 என்று சரியாகவே இருந்தது. அதை வாங்கிக்கொண்ட வேறொரு மென்பொருள், முதலில் வருவது மாதம் என்று எடுத்துக்கொண்டு ஜூலை 5 ஆக்கிவிட்டது. வங்கிக் கணக்கோடு பொருந்தவில்லை. அவள் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தார். இரண்டு பக்கமும் கேட்டோம். "நாங்கள் சோதித்துவிட்டோம் சார், சரியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை.

அவள் 25ஆம் தேதி பிறந்திருந்தால், அப்படி ஒரு மாதமே இல்லை என்று கணினி அன்றே கத்தியிருக்கும். 12ஆம் தேதிக்குள் பிறந்த பிள்ளைகள்தான் சத்தமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சோதனைக்கு எந்தத் தேதியைக் கொடுக்கிறோம் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வலை வழியே கேட்டுப் பதில் வாங்குவதுதான் இணையச் சேவை. எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லும் விதித்தாள்தான் விவரக்குறிப்பு. 2000ஆம் ஆண்டில் சோப் 1.1 என்ற விவரக்குறிப்பு வந்தது. பல நிறுவனங்கள் அதைப் படித்துத் தனித்தனியே மென்பொருள் செய்தன. செய்தியின் தலைப்பில் வரும் ஒரு மதிப்பைச் சிலர் மேற்கோள் குறிக்குள் போட்டார்கள், சிலர் போடவில்லை. குறி இல்லாததைச் சில மென்பொருள்கள் ஏற்கவில்லை. இரண்டே இரண்டு புள்ளிக் குறிகளால் பேச்சு நின்றது!

விதித்தாளில் 'வேண்டும்' என்று இருந்தால் சோதிக்கலாம். 'செய்யலாம்' என்று இருந்தால்? செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. அப்படிப் பத்து 'லாம்' இருந்தால் 1024 விதமான மென்பொருள்கள் வரலாம். அத்தனையும் விதிப்படி சரியானவையே.

இதைத் தீர்க்க 2002இல் ஐபிஎம், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் டபிள்யூஎஸ்-ஐ என்ற அமைப்பைத் தொடங்கின. அது 2004இல் இறுதி செய்த அடிப்படை நெறித்தொகுப்பு, இரண்டு வழி இருந்த பல இடங்களில் ஒன்றை அடைத்தது. மேற்கோள் குறி கட்டாயம் என்றது. கூடவே இரண்டு கருவிகளைக் கொடுத்தது. ஒன்று இடையில் நின்று செய்திகளைப் பதிவு செய்யும். மற்றொன்று அந்தப் பதிவை விதிகளோடு ஒப்பிட்டு அறிக்கை தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பியில் போகும் செய்தியைத்தான் கருவி பார்க்கும். வாங்கிக்கொண்டவர் அதை உள்ளே என்னவாகப் புரிந்துகொண்டார் என்பது அதற்குத் தெரியாது. என் மாணவியின் ஜூலை 5 அப்படி உள்ளே நடந்ததுதான்.

இதை வகுப்பில் செய்து பார்த்தேன். 36 பிள்ளைகள், நால்வராக 9 குழுக்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே விதித்தாள்: நூலகப் புத்தகம் கேட்டுச் சீட்டு எழுதுவது, வந்த சீட்டைப் படித்துப் பதில் எழுதுவது. 9 குழு என்றால் 36 இணைகள். இரண்டு பாடவேளையில் 11 இணைகளைத்தான் முடிக்க முடிந்தது. அதில் நான்கு தோல்வி. ஒரு குழு முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னால் போட்டது, மற்றக் குழு பின்னால் தேடியது. "அவர்கள் தப்பு சார்" என்று இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "முன்னெழுத்து எங்கே வரணும்னு தாளில் எழுதவே இல்லையே சார்" என்றான்.

தாளை எழுதியவன் நான்தான். இப்போது அதில் நான்காவது திருத்தம் நடந்திருக்கிறது. நகல்களை வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். எடுத்துப்போய் உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கே இடறுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.