முதுகுப் பொதியில் ஒரு தோணி



1821ஆம் ஆண்டு கனடாவின் வடகோடியில் ஜோன் பிராங்ளினின் ஆய்வுக் குழு கொப்பர்மைன் ஆற்றங்கரையை அடைந்தது. உணவு தீர்ந்துவிட்டது. எஞ்சியிருந்த மரப்பட்டைத் தோணியும் வழியிலே உடைந்து கைவிடப்பட்டிருந்தது. அக்கரை கண்ணுக்குத் தெரிய, ஒரு வாரத்துக்கு மேல் இக்கரையிலேயே தவித்தனர். அப்பயணத்திற் சென்ற 20 பேரில் 11 பேர் மாண்டனர்.

பீற்றர் ஹால்கெற் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி இதற்கு மருந்து தேடினார். 1840களில் அவர் ஆக்கிய இறப்பர்த்துணி மேலங்கியைத் துருத்தியால் ஊதினால் அதுவே தோணி, குடையே பாய்! கடற்படை அதனை ஏற்கவில்லை. ஆயினும் ஜோன் றே என்ற மருத்துவர் 1846இல் அவர் செய்த தோணியொன்றை ஆர்க்டிக் பகுதிக்குக் கொண்டுசென்று பெரிதும் மெச்சினார்.

1982இல் அலாஸ்காவில் ஹோப் முதல் ஹோமர் வரை காட்டுவழிப் போட்டியொன்று நடந்தது. ஆற்றங்கரையில் மற்றவர்கள் நீந்துவதா என்று யோசித்து நிற்க, 55 வயதான டிக் கிரிபித் தம் பொதியிலிருந்து சிறு தோணியை எடுத்து ஊதி அக்கரை சேர்ந்தார். (சபையிலுள்ள மூத்தோர் இவ்விடத்திற் புன்னகைக்கலாம்.)

இன்று அத்தகைய தோணி ஏறத்தாழ 3 கிலோ. நைலோன் பையினாற் காற்றை அள்ளி, அமுக்கி நிரப்புவர். துடுப்பும் துண்டுதுண்டாகக் கழலும். மலை நடந்து, ஆறு மிதந்து, மீண்டும் சுருட்டிக்கொண்டு நடப்பர். வரைபடத்தில் தடையாயிருந்த நீலக்கோடு பாதையாகிறது. ஆனால் பனியுருகிய நீர் சில நிமிடங்களிற் கைகால்களை முடக்கிவிடும். பாரமென்று உயிர்காப்பு அங்கியை விட்டுச் செல்பவனை வீரன் என்று நான் சொல்லமாட்டேன். பாறைகளிடை நீர் நுரைத்தால் கரையேறி நடக்கலாம். கால்கள் இருக்கவே இருக்கின்றன.