படைத்தலும் படையலும்

திருச்சிற்றம்பலம்.

 

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களினின்றும் வந்து இச்சந்நிதியில் குழுமியுள்ள உங்களோடு இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள், நூல் படைத்தல் என்பது யாது, அதற்குரிய உள்ளக் கிளர்ச்சி எங்கிருந்து தோன்றுகிறது என்பதாகும். திருக்கோயிலில் பேசுதற்குரிய பொருளோ இது எனச் சிலர் ஐயுறலாம். 'படைத்தல்' என்னும் சொல்லே அவ்வையத்தைப் போக்கும். இல்லாத ஒன்றை ஆக்குவதும் படைத்தல். ஆக்கியதை இறைவன் திருமுன் வைப்பதும் படைத்தல். பொங்கலிட்ட தாய் அதனை ஆண்டவனுக்குப் படைத்த பின்னரே பிள்ளைகளுக்குப் பகிர்கின்றாள். நூலுக்கும் நெறி இதுவே.

இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. பூவிருந்தவல்லிக்குத் தெற்கே அணித்தாயுள்ள குன்றத்தூரில் அவதரித்தவர் சேக்கிழார் பெருமான். 12-ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டை ஆண்ட அநபாயன் என்னும் இரண்டாம் குலோத்துங்கனுக்கு அமைச்சராயிருந்தவர். மன்னன் சீவகசிந்தாமணியின் சுவையில் ஈடுபட்டிருந்தபோது அடியார் வரலாற்றின் பெருமையை எடுத்துரைத்தார். அதனை நூலாகச் செய்தருள மன்னன் வேண்ட, தில்லை சென்று கூத்தப்பிரான் திருமுன் நின்றார். இறைவன் உலகனைத்தையும் சுட்டுவதொரு சொல்லை முதலாக எடுத்துக் கொடுத்தருளினான். அச்சொல்லைத் தலையிற் கொண்டு ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து பெருமான் பாடலுற்றார் என்று உமாபதி சிவாசாரியார் வரலாறு கூறுகின்றது.

முதற்சொல்லை இறைவனே அருளினான் எனின், சேக்கிழார் செய்தது யாது? இங்கேதான் நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இறைவன் கொடுத்தது ஒரு சொல். நூலோ நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையது. தில்லைக்குச் செல்லுமுன்பே அவர் கற்றிருந்தவை பல. சுந்தரர் பதினொரு பாடல்களில் அருளிய திருத்தொண்டத்தொகை முதல். நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதி வழி. அவற்றோடு ஊரும் ஆறும் வயலும், உழவரும் வேட்டுவரும் வேதியரும் வாழும் வாழ்க்கையும் அவர் உள்ளத்தில் நிறைந்திருந்தன என்பதை அந்நூலே காட்டும். விறகு அடுக்கி வைத்த பின்னரன்றோ ஒரு பொறி பெருநெருப்பாகும்? விறகு அடுக்காது பொறிக்குக் காத்திருப்பவன் குளிரிலேயே இருப்பான்.

இனி, ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூருக்கு வருவோம். பூசலார் நாயனார் சிவபெருமானுக்குத் திருக்கோயில் எடுக்க விரும்பினார். எங்குத் தேடியும் பொருள் கிட்டவில்லை. நைந்தார்; ஆயினும் எண்ணத்தைக் கைவிட்டாரில்லை. மனத்தினாலேயே பொருள் திரட்டினார், தச்சரைத் தேர்ந்தார், நன்னாள் பார்த்து அடிநிலை இட்டார், இரவும் கண்துயிலாது விமானத்தை அளவு பிழையாமல் உயர்த்தினார், சுதை தீற்றினார், கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அந்நாளையே, காஞ்சியிற் கற்றளி எடுத்த பல்லவ வேந்தனும் குறித்திருந்தான். அவன் கனவில் இறைவன் தோன்றி, நாளை நின்றவூர் அன்பன் கோயிலில் நாம் புகுவோம், உன் விழாவைப் பின்னர்க் கொள்க என்று பணித்தான். மன்னன் நின்றவூர் வந்து வினவ, அப்படியொரு கோயில் இங்கில்லை என்றனர் ஊரார். பூசலார் உண்மை உரைத்தபோது மன்னவன் நிலமுற வீழ்ந்து வணங்கினான்.

கற்பனை என்பது இதுவன்றோ! கண்ணை மூடிக் காற்றில் மிதப்பது கற்பனையன்று. கல்லுக்குக் கல் அளந்து வைப்பதே கற்பனை. பூசலார் மனக்கோயிலிலும் கிணற்றை மறந்தாரில்லை. எழுதப் புகுவோர் உள்ளத்திற் பதிக்க வேண்டிய பாடம் இது.

துன்பம் சூழ்ந்தபோது எழுத இயலுமோ என்று வினவுவோரும் உளர். நம் திருமுல்லைவாயிலைக் காண்மின்! திருவொற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு தவறி, இரு கண்ணொளியும் இழந்து வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் இங்கே பதிகம் பாடினார். பாடியவுடன் ஒளி வந்துவிடவில்லை. அடுத்துத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலே கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். வழி தெரியாத இருளிலும் அவர் வாய் பாடுதலை விடவில்லை. பாட்டு, பெற்ற வரத்திற்கு நன்றியாக மட்டும் எழுவதன்று. பெறாத நிலையிலும் எழுவது.

இளைஞர் சிலர் நம்மிடம் வந்து, "ஐயா, நாங்கள் எழுதியவை அச்சேறவில்லை, பாராட்டுவாரும் இல்லை. இனி எழுதுவது எதற்கு?" என்று வருந்துவதுண்டு. அவர்களுக்கு நாம் கூறுவது இது. பூசலார் கோயிலையும் ஊரார் ஒருவரும் கண்டிலர். அதனால் அவர் ஒரு கல்லையேனும் குறைத்து அடுக்கினாரா? காண்பார் உளரோ இலரோ, கட்டுவதைச் செம்மையாகக் கட்டுக. ஆனால் ஒன்று: காண்பார் இல்லை என்பதைச் சோம்பலுக்குச் சாக்காக்குதல் ஆகாது. அரசன் கோயிலுக்குச் செல்வம் துணை நின்றது. அன்பர் கோயிலுக்கு உழைப்பே துணை நின்றது.

ஆதலின் அன்பர்காள்! கற்க வேண்டியதைக் கற்று, காண வேண்டியதைக் கண்டு, உள்ளத்தில் அடுக்கி வைப்போமாக. முதற்சொல் அவன் தருவான். எஞ்சிய சொற்களை நாம் உழைத்துச் சேர்ப்போம். முடித்ததை நம் பெயருக்கென்று வைத்துக்கொள்ளாது அவன் திருவடியிற் படைப்போம். படையல் எல்லார்க்கும் பகிரப்படுவது போல, அந்நூலும் உலகிற்குப் பயன்படும்.

திருச்சிற்றம்பலம்.