பல்லுக்கு உறை போடுவதற்கு முன்னால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம் உறுப்பினர் ஒருவர் பல்லுக்கு ‘கேப்’ போட 5,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். பதினைந்து நாளில் திரும்பி வந்து இன்னும் 4,000 வேண்டும் என்றார். முதலில் சொன்னது கேப்புக்கு மட்டுமாம். வேர் சிகிச்சையும் எக்ஸ்ரேயும் தனியாம். அவர்கள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. மீன்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நாம், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிறோமே தவிர பேசுவதில்லை!

சின்னச் சொத்தை என்றால் அடைத்தாலே போதும், உறை வேண்டாம். சொத்தை நரம்பு வரை போனால்தான் வேர் சிகிச்சை. அதைச் செய்த கடைவாய்ப் பல் கடிக்கும்போது எளிதில் உடையும். அதனால்தான் உறை போடச் சொல்கிறார்கள். நம்மில் பலர் “வலி போயிட்டுல்லா, இனி எதுக்கு?” என்று பாதியில் நின்றுவிடுகிறோம். அப்புறம் பல் பிளந்தால் பிடுங்கத்தான் வேண்டும். வேர் சிகிச்சைக்குக் கொடுத்த காசும் போச்சு.

உறைக்காகப் பல்லைச் சுற்றிலும் இழைப்பார்கள். இழைத்தது திரும்ப வளராது. அதனால், “இது கட்டாயம் வேண்டுமா?” என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பிறகு அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அது வரும்வரை தற்காலிக உறை போடுவதுண்டு. அந்தப் பக்கம் முறுக்கு, சீடை கடிக்கக் கூடாது. உறை வந்ததும், ஒட்டும் முன் கடித்துப் பார்க்கச் சொல்வார்கள். உயரமாகத் தட்டினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அங்கேயே சரிசெய்து தருவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உறையில் வெறும் உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று வகை உண்டு. பொதுவாக உலோகம்தான் விலை குறைவு, சிர்கோனியா அதிகம். யாரும் பார்க்காத கடைவாய்க்கு உலோகமே தாராளம் என்பது எங்கள் எண்ணம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே காட்டலாம். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. இப்படிப்பட்ட கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நடை கூடும், செலவு பெரும்பாலும் குறையும். பஸ் காசையும் ஒருநாள் கூலியையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

உறை போட்ட பல்லையும் ஈறோரம் நன்றாகத் தேய்க்க வேண்டும். உறைக்குக் கீழே சொத்தை வரும்.

இனி பல் வைத்தியத்துக்குக் கடன் கேட்பவர்கள் எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, உறை, எத்தனை நடை என்று தனித்தனியாக எழுதி வாங்கிய சீட்டோடு வாருங்கள். எழுதிக் கேட்கத் தயக்கமாக இருந்தால் ஊக்குநரைக் கூட்டிப் போங்கள்.