பேட்டரியை மாற்றுமுன் அளந்து பார்ப்போம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனை நமக்கு முன் பேசியோர் நிறைவாகவே செய்துவிட்டனர். ஆகவே, பெருமையைப் பேசுவதை விடுத்து, கற்ற கல்வி கைத்தொழிலில் எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறோம். அந்த எடுத்துக்காட்டு காரின் மின்னேற்றக் கோளாறு ஆகும்.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கு அமர்ந்திருப்போரில் பலர் வாடகைக் கார் ஓட்டுகின்றனர். சிலர் பட்டறைகளில் பணிபுரிகின்றனர். பட்டறையில் ஐந்தாண்டு, பத்தாண்டு உழைத்தும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உதவியாளாகவே நின்றுவிடும் இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுடைய கைக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ‘இதைக் கழற்று, அதை மாட்டு’ என்று சொல்லப்பட்டதே தவிர, ‘ஏன்’ என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்த ‘ஏன்’ என்பதுதான் உதவியாளையும் மெக்கானிக்கையும் பிரிக்கும் சுவர். அச்சுவரில் ஒரு செங்கல்லையேனும் இன்று பெயர்த்தெடுப்போம்.

காலையில் சாவியைத் திருப்பினால் கார் இயங்க மறுக்கிறது. உடனே ‘பேட்டரி போய்விட்டது’ என்கிறார்கள். கடன் தவணை கட்டும் ஓட்டுநர் கைப்பணத்தைக் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்குகிறார். சில வாரங்களில் அதுவும் படுத்துவிடுகிறது. பேட்டரி நோய்க்கு ஆளானதேயன்றி, நோய்க்குக் காரணம் அதுவன்று. காரணத்தை அறிய வேண்டுமாயின், முதலில் அமைப்பை அறிய வேண்டும்.

பேட்டரி ஓர் ஏரி, ஆல்டர்னேட்டர் அதற்கு நீர் கொணரும் பம்பு, ரெகுலேட்டர் அளவறிந்து திறந்து மூடும் மதகு, கம்பிகள் வாய்க்கால்கள். எஞ்சின் சுழலும்போது பெல்ட்டின் வழியாக ஆல்டர்னேட்டர் சுழன்று மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதனுள் இருக்கும் டயோடுகள் அதனை நேர்திசை மின்னோட்டமாக்குகின்றன. ஏரி வற்றிக் கிடந்தால், ஏரியை மட்டும் குறை கூறுவது அறிவுடைமையன்று. பம்பையும் மதகையும் வாய்க்காலையும் பார்த்தல் வேண்டும்.

இனிச் சோதனைக்கு வருவோம். இதற்கு வேண்டிய கருவி ஒரு மல்டிமீட்டர்; சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கருவியைத் தொடுமுன் கண்ணால் பாருங்கள். பெல்ட் தளர்ந்துள்ளதா? பேட்டரியின் முனைகளில் வெண்பச்சை நிற உப்புப் படிந்துள்ளதா? சாவியைத் திருப்பியவுடன் பேட்டரி விளக்கு எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணைகிறதா? பழைய வகைக் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் அந்தச் சிறு விளக்கின் வழியாகவே செல்கிறது. விளக்கு பியூஸ் ஆகியிருந்தால், நல்ல ஆல்டர்னேட்டரும் வேலை செய்யாமல் இருக்கக்கூடும்.

முதற்சோதனை, ஓய்விலிருக்கும் பேட்டரியை அளத்தல். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். பேட்டரியில் 6 அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆகவே நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12 என்றால் கால் பங்கே எஞ்சியுள்ளது. அரை வோல்ட் குறைவுதானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அரை வோல்ட்டில் பேட்டரியின் பெரும்பகுதி வற்றிவிடுகிறது.

இரண்டாவது, ஸ்டார்ட் செய்யும்போது அளத்தல். முழுமையாக மின்னேற்றிய பேட்டரி, செல்ஃப் மோட்டார் சுழலும் வேளையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியலாகாது. சரிந்தால், பேட்டரி தளர்ந்திருக்க வேண்டும். அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது அளத்தல். வேகத்தைச் சற்றுக் கூட்டிப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் பொதுவான அளவு. முகப்பு விளக்கையும் ஏ.சி. விசிறியையும் போட்ட பின்னரும் அது பெரிதும் குறையக்கூடாது. 12.6-க்குக் கீழே சென்று மேலும் இறங்கிக்கொண்டே இருந்தால் மின்னேற்றம் நடைபெறவில்லை என்பது பொருள். 15-ஐத் தாண்டினால் மதகு பழுது. அதாவது ரெகுலேட்டர் பழுது. அப்போது பேட்டரி நீர் வற்றும், அமில நெடி வீசும், விளக்குகள் அடிக்கடி பியூஸ் ஆகும்.

நான்காவது சோதனையைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். பலர் தவறவிடுவது இதனையே. ஒரு காரில் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையில் 14.3 வோல்ட் கிடைக்கிறது, பேட்டரியில் 13.1 மட்டுமே உள்ளது என்று கொள்வோம். பம்பு நன்றாக இறைக்கிறது. ஏரிக்கு நீர் சேரவில்லை. இடையில் 1.2 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வையுங்கள். விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அங்கே துரு பிடித்த இணைப்போ, தளர்ந்த போல்ட்டோ, உள்ளே அரித்த கேபிளோ இருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

பள்ளியில் படித்த ஓம் விதி இங்கேதான் உயிர் பெறுகிறது. 1827-இல் ஓம் வெளியிட்ட அவ்விதிப்படி, மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்த வீழ்ச்சி கிடைக்கும். கேபிளில் 40 ஆம்பியர் செல்கிறது. இணைப்பின் தடை 0.03 ஓம். பெருக்கினால் 1.2 வோல்ட். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவுகோல் காட்டாது. ‘கேபிள் சரியாக உள்ளது’ என்றே சொல்லும். மின்னோட்டம் செல்லும்போது வோல்ட் அளந்தால் மட்டுமே குற்றம் வெளிப்படும். உப்புத்தாளால் தேய்த்து முறுக்க வேண்டிய ஒரு போல்ட்டுக்காகப் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் மாற்றுவது எத்துணைப் பெரிய வீண் செலவு என்பதைச் சிந்தியுங்கள்.

ஐந்தாவது, டயோடு சோதனை. மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் டயோடு பழுதாகியிருக்கலாம். அவ்வாறான காரில் மின்னேற்றம் ஓரளவு நடைபெறும். ஆயினும் விளக்குகள் நடுங்கும். சில வேளை இரவில் பேட்டரி தானே வடியும்.

ஆறாவது, இரவு வடிகால். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைக்க வேண்டும். அந்நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் எரிந்துவிடும். கணினிப் பகுதிகள் உறங்கும் வரை அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியருக்குள் இருத்தல் நலம். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஒன்று நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி குடிக்கும். 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றாம் நாள் காலையில் கைவிரித்துவிடும். அங்கே குற்றவாளி பேட்டரியும் அன்று, ஆல்டர்னேட்டரும் அன்று.

இளைஞர்களே, மூன்று எச்சரிக்கைகளை மறவாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி, ‘வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா’ என்று பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்தது. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் அவ்வாறு செய்தால், திடீரென எழும் மின்னழுத்தம் டயோடுகளையும் கணினியையும் எரித்துவிடக்கூடும். அடுத்து, மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே, கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது எதிர்முனை கடைசியில். அமிலம் தெறித்தால் உடனே ஏராளமான நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்றாவதாக, இன்றைய புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கணினியே ஆள்கிறது. எரிபொருளைச் சேமிக்க அது வோல்ட்டைச் சில வேளை 12.6-க்கு அருகே இறக்கும். சில வேளை 15-க்கு அருகே ஏற்றும். ஒரே அளவீட்டைக் கொண்டு தீர்ப்புக் கூறாமல், விளக்குகளைப் போட்டு மீண்டும் அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டையும் பார்த்த பின்னரே முடிவுக்கு வாருங்கள்.

இவையனைத்திலும் பெருக்கல், வகுத்தலுக்கு மிஞ்சிய கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எட்டாம் வகுப்புக் கல்வி இதற்குப் போதுமானது. ஆயினும், அக்கல்வியைப் பட்டறை வாயிலில் செருப்போடு கழற்றிவிட்டுச் செல்கிறோம். சுழலும் காந்தம் மின்னோட்டத்தை உண்டாக்குவதற்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களை அவர் கட்டியதோடு நில்லாமல் படித்தார். கைத்தொழில் செய்யும் கையே புத்தகத்தையும் புரட்டினால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, உங்களிடம் வேண்டுவது இரண்டு. பட்டறையில் பணிபுரிவோர் ஆளுக்கொரு நோட்டுப்புத்தகம் வையுங்கள். வந்த கார், அளந்த வோல்ட், கண்ட கோளாறு, செய்த பழுதுபார்ப்பு ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். ஓராண்டில் அது உங்கள் கையால் எழுதிய பாடநூலாகிவிடும். சங்கத்தாரிடம் வேண்டுவதும் ஒன்று உண்டு. மாலை வகுப்புக்குக் கரும்பலகையோடு இரண்டு மல்டிமீட்டர்களும், ஒரு பழைய ஆல்டர்னேட்டரும் வாங்கி வையுங்கள். பிள்ளைகள் அதனைப் பிரித்துப் பார்க்கட்டும். ‘ஏன்’ என்று கேட்கட்டும்.

பிறர் சொன்னதைக் கேட்டு மாற்றுகிறவன் கூலி பெறுகிறான். தானே அளந்து காரணம் கூறுகிறவன் மதிப்பும் பெறுகிறான். அம்மதிப்பு நம் இளைஞர்கள் அனைவருக்கும் வாய்க்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.